மூணு நாள் ஜெபக்காரருக்கு

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் வாடிக் கெடக்கு? ஓ, மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபிச்சும் வேலை உத்தரவு வரலையோ? அடப் பாவமே, மூணு நாளா! பரலோகத்துல எல்லா வேலையையும் போட்டுட்டு உன் ஃபைலைத்தான் தேடிக்கிட்டு இருந்திருப்பாங்க. மூணாம் நாள் சாயங்காலம் புரோட்டாக் கடையில உன்னைப் பார்த்தேனே, அந்த நாளையும் உபவாசக் கணக்குல சேர்த்துக்கிட்டியா?

நான் முப்பது வருஷம் பனையேறினவன். எனக்குத் தெரிஞ்ச படிப்பு பாளை அருவாள்தான். பாளை வந்த உடனே பதனீர் கொட்டாது. கடிப்பு வச்சுத் தெனமும் இடுக்கணும், நுனியைச் சீவணும். மொதல்ல சில நாள் ஏறி எறங்குறதுதான் மிச்சம், கலயம் காஞ்சு கெடக்கும். அப்புறம் ஒரு நாள் சொட்டும். சொட்டிருச்சேன்னு சும்மா இருக்க முடியுமா? காலையில ஒரு ஏத்தம், சாயங்காலம் ஒரு ஏத்தம். கல்யாண வீடு, எழவு வீடுன்னு நாலு நாள் ஏறாம விட்டா பாளை வாய் காஞ்சு போவும். அதுக்குப் பனையைத் திட்டி என்ன செய்ய?

'லூக்கா 18-ல வார விதவை மாதிரிதான் மாமா நானும் கேட்டேன்'னு சொல்லாத. அவளுக்குச் சிபாரிசு பண்ண ஆள் கெடையாது. கடவுளுக்கே பயப்படாத ஒரு நியாயாதிபதிகிட்டப் போய்ப் போய் நின்னா. அவ அலட்டுதான்னு அவன் பொலம்புதான் பாரு, கிரேக்கத்துல அந்த வார்த்தைக்குக் கண்ணுக்குக் கீழ குத்துறதுன்னு அர்த்தமாம். எங்க ஐயர் பிரசங்கத்துல சொன்னாரு. ஒத்தைப் பொம்பளைகிட்டக் குத்து வாங்கிருவோமோன்னு நீதிபதி நடுங்குதான்! ஆனா ஆண்டவரு அந்த ஆளும் நம்ம பரமபிதாவும் ஒண்ணுன்னு சொல்லல. அப்பேர்ப்பட்டவனே எறங்கி வந்தா, பெத்த அப்பன் வராம இருப்பாரான்னுதான் கேக்காரு. நீ அவரையே அந்த நியாயாதிபதியா நெனச்சு, மூணு குத்து குத்திப் பார்த்துட்டு வந்திருக்க.

மோனிக்கான்னு ஒரு அம்மா, வட ஆப்பிரிக்காக்காரி. படிச்ச மகன் அகஸ்டீன் மனிகேயம்னு ஒரு வேற மதக் கூட்டத்துல போய்ச் சேந்துட்டான். அவனுக்குப் புத்தி சொல்லுங்கன்னு ஒரு ஆயர்கிட்ட அழுது நச்சரிச்சதுல அவருக்கே எரிச்சல் வந்து, போம்மான்னு அனுப்பி வச்சாராம். 383-ல மகன் ரோமாபுரிக்குக் கப்பலேறப் பார்த்தான். போக விடாதேயும் ஆண்டவரேன்னு கார்த்தேஜ் பக்கத்துல சிப்பிரியான் பேர்ல இருந்த கோயில்ல ராத்திரி முழுக்க அழுதா. சேக்காளியை வழியனுப்பப் போறேன்னு பொய் சொன்ன மகன் அந்த ராத்திரியே கெளம்பிட்டான். விடிஞ்சு பார்த்தா கப்பல் இல்ல. நீயா இருந்தா அன்னைக்கே வேதப் புஸ்தகத்தைப் பரண்ல போட்டிருப்ப. அவ ஜெபத்தையும் விடல, மகனையும் விடல, பின்னாலயே கடல் தாண்டிப் போனா. எந்த இத்தாலிக்குப் போகக் கூடாதுன்னு அழுதாளோ, அங்கதான் 387 ஈஸ்டருக்கு, மிலான்ல, அம்புரோஸ் ஆயர் கையால அவன் ஞானஸ்நானம் வாங்கினான். அதே வருஷம் ஓஸ்தியா துறைமுகத்துல அவ கண்ணை மூடிட்டா. ஏறத்தாழ 17 வருஷக் கண்ணீர்னு சொல்லுதாங்க. உன் மூணு நாளை இதுல எங்க வைக்கட்டும்?

சிரிக்கியா? என் லட்சணத்தையும் கேளு. வரப்புத் தகராறுல எங்க அண்ணன் என்கூடப் பேசாம 12 வருஷம் ஆச்சு. தெனமும் விடியக்காலம் அவரு பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கேன். மொதல்ல எல்லாம் 'அவருக்குப் புத்தியைக் கொடும்'னு கேட்டேன். எப்ப மாறிச்சுன்னு தெரியல, இப்ப 'எனக்கு'ன்னுதான் வாயில வருது. போன அசனத்துல பந்தியில என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. பேசல. தண்ணிச் செம்பை மட்டும் என் பக்கமா நகத்தி வச்சாரு.