மூலைக்கு மூலை 24

மானிட்டரை மூலைக்கு மூலை அளக்கச் சொன்னவர் வீட்டில் மேஜை என்று ஒன்று இருந்திருக்காது. பீரோவையோ கட்டிலையோ வாங்கப் போனால் யாராவது குறுக்கே டேப் பிடிக்கிறார்களா? மானிட்டர் கடையில் மட்டும் 22, 24, 27, 32 என்று சரளமாக அடுக்கும் எண்ணெல்லாம் மேல் மூலையில் தொடங்கி எதிர்ப்புறக் கீழ் மூலையில் போய் நிற்கிற கணக்கு.

இதற்கொரு பூர்வகதை உண்டு. ஆரம்பகால டி.வி.யின் பிக்சர் டியூப் வட்டமாக இருந்தது. வட்டத்துக்கு விட்டத்தைச் சொன்னார்கள், நியாயம். பிறகு டியூப் செவ்வகமாகிவிட்டது. அளக்கிறவர் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. முதுகு புடைத்த பழைய 17 இன்ச் மானிட்டரில் கண்ணுக்குத் தெரிந்தது ஏறக்குறைய 16 இன்ச்தான். மீதிக் கண்ணாடி சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். படிக்கட்டையும் லிஃப்ட்டையும் சேர்த்து சூப்பர் பில்ட்-அப் ஏரியா என்று ஃபிளாட் விற்கிறவர்கள் இங்கேதான் பாடம் படித்திருக்க வேண்டும்.

பிறகு திரை அகலமானது. பழைய 4:3 திரையில் 20 இன்ச் என்றால் அகலம் 16, உயரம் 12. பரப்பு 192 சதுர அங்குலம். இன்றைய 16:9 திரையில் அதே 20 இன்ச்சுக்கு அகலம் 17.4, உயரம் 9.8, பரப்பு சுமார் 171. எண் அப்படியே இருக்க, 21 சதுர அங்குலத்தைக் காணோம். யாரும் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை.

எனக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் கழுத்து வலியால் வந்தது. நான் வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்கிறவன். 14 இன்ச் லேப்டாப்பில் எக்செல்லைத் திறந்தால் பெயர் தெரியும்போது தொகை தெரியாது, தொகை தெரியும்போது பெயர் தெரியாது. மேற்கு மாம்பலத்து வாடகை வீட்டில் என் மேஜைக்கு ஜன்னலுக்கும் ஷோகேஸுக்கும் நடுவே இடம்: அகலம் 90 செ.மீ., ஆழம் 45. அதிலும் வலது பக்கத்து 40 செ.மீ.யைப் பிரிண்டர் நெடுநாளாக அனுபவித்து வருகிறது.

மானிட்டர் வாங்கலாமென்று பார்த்த விளம்பரத்தில் 24 இன்ச்சுக்குப் பக்கத்தில் 61 செ.மீ. என்று போட்டிருந்ததை மனைவி படித்தாள்.

"என்னங்க, 61. பிரிண்டர் 40. மொத்தம் 101. உங்க ஜி.எஸ்.டி. கணக்கெல்லாம் இப்படித்தான் போடுவீங்களா?"

"அது மூலைக்கு மூலை. அகலம் விளிம்போட சேர்த்து 54தான் வரும்."

"அப்ப 94. நாலு செ.மீ. ஜன்னலுக்கு வெளியில நிக்குமா?"

பதில் சொல்லாமல் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடைப் பையன் என் தேவையைக் கேட்கும் முன்பே 27 இன்ச்சை இயக்கிக் காட்டினான். "சார், இதைப் பார்த்துட்டா அப்புறம் 24 சின்னதாத் தெரியும்."

"எங்க மேஜை பெருசாத் தெரியுமா தம்பி?"

அவன் அசரவில்லை. ஆனால் அந்த 27-லும் பக்கத்திலிருந்த 24-லும் குறுக்கே இருந்தவை அதே 1920 புள்ளிகள். அதாவது, பெரியதை வாங்கினாலும் எக்செல்லில் ஒரு காலம்கூடக் கூடுதலாகத் தெரியாது. இருக்கிற காலங்கள் கொஞ்சம் சதைபோடும், அவ்வளவுதான். 2560 புள்ளி உள்ள 27-ல் காலங்கள் கூடும். கூடவே விலையும் கூடும், எழுத்தும் பொடியாகும். அந்த அகலத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஏ காலத்திலிருந்து கடைசிக் காலம் வரை பார்ப்பதற்குக் கழுத்தைத் திருப்ப வேண்டும். எந்தக் கழுத்துக்காகப் போனேனோ அந்தக் கழுத்தை.

உண்மையில் சின்ன மேஜைக்காரன் பார்க்க வேண்டியது திரையை அல்ல, அதன் காலை. ஸ்டாண்டின் ஆழத்தைப் பெட்டியில் பெரிதாகப் போடுவதில்லை. டேப் வைத்து அளந்தால் 20 செ.மீ. வந்தது. கீபோர்டு 14. என் 45-ல் மீதி 11. காபி டபராவின் விட்டம் 10. (டபரா இன்றும் வட்டமாகவே இருப்பதால் அதற்கு விட்டம் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.) சில ஸ்டாண்டுகள் இரண்டு காலையும் விரித்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில் எதையும் வைக்கவும் முடியாது, காலி என்று சொல்லவும் முடியாது. தட்டையான பலகைக் காலாக இருந்தால் ஸ்டாப்ளரும் செல்போனும் அதன் மேலேயே ஏறிக்கொள்ளும். நான் தட்டைக்கால் கட்சி.

"காலே வேணாம்னா ஆர்ம் போட்டுடலாம் சார்" என்றான் பையன். மானிட்டரின் முதுகில் 100 மி.மீ. சதுரமாக நான்கு ஓட்டை இருக்கும். அதில் கையை முடுக்கி, மறுமுனையை மேஜை விளிம்பில் கிளாம்ப்பால் கவ்விவிட்டால் திரை அந்தரத்தில் நிற்கும். கேட்க அழகாக இருந்தது. ஆனால் என் மேஜை மரத்தூள் பலகை. கவ்விய இடம் பெயர்ந்துவிடும். மேஜை சுவரை ஒட்டிக் கிடப்பதால், மடங்குகிற முழங்கை பின்னால் போக இடமில்லாமல் திரையை என் மூக்குக்கே தள்ளும். சுவரில் மாட்டலாமென்றால் ஹவுஸ் ஓனர் காலண்டருக்கே ஓர் ஆணிதான் அனுமதித்திருக்கிறார். அதையும் காலி செய்யும்போது பிடுங்கி ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே 24, தட்டைக்கால். வீட்டில் மனைவி டேப்போடு காத்திருந்தாள். நாலு செ.மீ. விஷயத்தில் அவள் தீர்ப்பு ஏற்கெனவே தயார்.

"பிரிண்டர் ஃபிரிட்ஜ் மேல போகட்டும். வைஃபைதானே?"

போய்விட்டது. திரையில் இப்போது பெயரும் தொகையும் ஒருசேரத் தெரிகின்றன, கழுத்தும் தேவலை. ஆனால் நான் ஹாலில் பிரிண்ட் கொடுத்தால் தாள் சமையலறையில் விழுகிறது. அதை எடுத்துக்கொண்டு வருகிறவள் வழியில் படித்துவிடுகிறாள். "மளிகைக்கடைக்காரருக்கு இவ்வளவு வரவா? இவர் பொண்ணு கல்யாணத்துக்கா நாம ஆயிரம் ரூபா மொய் எழுதினோம்?" என்றாள் போன வாரம். அடுத்த முகூர்த்தத்திலிருந்து மொய்த்தொகையை ரிட்டர்னைப் பார்த்துத் தானே முடிவு செய்வதாகவும் சொல்லியிருக்கிறாள்.