லேத்துக்கு ஒரு பொட்டு

அந்தக் காலத்து ஆலைக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. விவரம் போதாதவர்கள். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை ஆகட்டும், எண்ணூர் லேலண்ட் ஆகட்டும், திருச்சி பெல் ஆகட்டும், அரத்துக்கும் ரம்பத்துக்கும் வித்தியாசம் தெரியாத பையனை அப்ரண்டிஸ் என்று உள்ளே சேர்த்து, உதவித்தொகை என்று கையில் காசும் கொடுப்பார்கள். பெஞ்சு வைஸில் ஓர் இரும்புத் துண்டை இறுக்கி ராவச் சொல்வார்கள். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். கை காய்த்துப்போகும்வரை இதே வேலை. பிறகு அந்தப் பையன் குவார்ட்டர்ஸ், பி.எஃப்., பிள்ளைகளுக்குப் படிப்பு என்று நடுத்தர வர்க்கமாகவே ஆகிவிடுவான். எத்தனை பெரிய வீண்செலவு!

இன்றைய நிறுவனங்கள் கெட்டிக்காரர்கள். ‘திறன் இடைவெளி’ என்று ஒரு சொல்லைக் கண்டெடுத்திருக்கிறார்கள். என்ன விசாலமான இடைவெளி அது! பயிற்சிக்கூடத்தை மூடியது, நிரந்தர வேலையைக் காண்ட்ராக்ட் ஆக்கியது எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிடலாம். வெளியே தெரிவது பையனின் அறியாமை மட்டும்தான். புதியவர்களுக்கான வேலை என்று விளம்பரம் செய்து, இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்களே, அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்? ஐ.டி.யில் கொள்கை உறுதியும் உண்டு. 2010 வாக்கில் புதிதாகச் சேர்பவருக்கு ஆண்டுக்கு 3 லட்சத்துச் சொச்சம். வீட்டு வாடகை ஏறியது, பெட்ரோல் ஏறியது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அந்த 3 லட்சத்துச் சொச்சம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

கல்லூரிகளைப் புகழாமல் விட்டால் நாக்கு அழுகிவிடும். என் அக்கா மகன் மெக்கானிக்கல் படித்த இடத்தில் ஒரு லேத் இருந்தது. வாங்கிய நாளில் இருந்த மெருகு அப்படியே இருக்கும். தேய்மானம் என்ற பேச்சே கிடையாது, ஓட்டினால்தானே தேயும்! வருடம் தவறாமல் ஆயுதபூஜைக்குச் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. தொழிலைத் தெய்வமாகப் பார்க்கும் பண்பை இதைவிட அழகாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ரெக்கார்டு நோட்டு மணிமணியாக இருக்கும். சீனியருடைய நோட்டில் இருந்த எழுத்துப்பிழைகூட மாறாது. ஷேவ் பண்ணாவிட்டால் அபராதம், அடையாள அட்டை தொங்காவிட்டால் அபராதம். நான்கு வருடம் இப்படி உளியால் செதுக்கினார்கள். அத்தானுடைய ஒரு ஏக்கரும் கொஞ்சம் செதுங்கியது. அதற்கெல்லாம் கணக்குப் பார்க்கலாமா?

நாட்டுப்பற்றையும் இவர்களே வளர்த்தார்கள். 2022-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு: அறிவித்த இடம் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். அரசுப் பணி மேல் இத்தனை ஆர்வத்தை எந்தப் பிரசாரமாவது உண்டாக்கியிருக்குமா? எங்கள் பையனும் எழுதினான். பத்தாம் வகுப்புத் தகுதிக்கு இன்ஜினியர்கள் வந்து உட்காருகிறார்கள் என்றால் நம் ஊரில் கல்வி எவ்வளவு பெருகியிருக்கிறது பாருங்கள்.

அவனுக்கு வேலை கிடைக்காமலும் இல்லை. கேம்பஸிலேயே ஒரு கம்பெனி ஆஃபர் லெட்டர் கொடுத்தது. அக்கா அதை லேமினேட் பண்ணி சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். சேரும் தேதி பிறகு தெரிவிக்கப்படும் என்றார்கள். ஒன்றரை வருடம் அவசரப்படாமல், பதறாமல் காத்திருந்து, பிறகு உங்கள் திறன் இப்போதைய தேவைக்குப் பொருந்தவில்லை என்று மரியாதையாக மெயில் அனுப்பினார்கள். அக்கா லேமினேஷனைப் பிரிக்கவில்லை. பிரித்தால் கிழிந்துவிடுமாம்.

இப்போது பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். பைபாஸில் அந்தக் கல்லூரியின் ஃபிளெக்ஸ் நிற்கிறது. வேலை பெற்ற மாணவர்கள் வரிசையில், டை கட்டிக்கொண்டு, இவன் படம். வெயிலில் நீலம் வெளுத்துவிட்டது, ஆனாலும் கழற்றவில்லை, நன்றி மறவாதவர்கள். “தினமும் நாலஞ்சு தடவை அதத் தாண்டித்தான் போறேன் மாமா,” என்றான். “அந்த டை காலேஜோடது. போட்டோ எடுத்ததும் கழட்டி அடுத்த பையனுக்கு மாட்டிட்டாங்க.”