பழைய ஓனர் வேலை

புல்லட்டைப் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பூட்டவும் தெரிந்துவிடும் என்று நம்பி, பழைய 350 ஒன்றை வீட்டு வாசலில் சாக்கு விரித்துப் பிரித்தேன். தியாகி சுப்பிரமணிய சிவா 1925-இல் காலமான பாப்பாரப்பட்டிதான் எங்கள் ஊர். அவர் நினைவிடத்துக்கு வழி கேட்டு வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்துவார்கள். வழி சொன்ன கையோடு, 1955 முதல் சென்னையில் செய்யப்பட்ட வண்டி, 70 மில்லி போர், 90 மில்லி ஸ்ட்ரோக், 346 சிசி என்று நானும் ஒரு பாடம் எடுத்துவிடுவேன். ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைத் திரும்பப் பூட்டத் தெரிஞ்ச ஆள் ஊர்ல இருக்காருங்களா?" என்றார்.

வினை கிராங்க் கேஸில் இருந்தது. மெயின் பேரிங் அலுமினியக் கேஸுக்குள் கெட்டியாக உட்கார வேண்டும். என்னுடையது கட்டைவிரலால் தள்ளினாலே வந்தது. தேய்ந்த குழியைப் பெரிதாகக் கடைந்து, ஸ்லீவ் அடித்து, மறுபடி அளவுக்குக் கடைவதுதான் வைத்தியம். லேத்துக்காரருக்கு எதற்குக் காசு என்று சென்டர் பஞ்சை எடுத்துக் குழியைச் சுற்றிலும் புள்ளி புள்ளியாகக் குத்தினேன். புள்ளியின் ஓரம் மேடாக எழும்பும், பேரிங் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அப்படிச் செய்துவிட்டு அந்த வண்டியை விற்றுவிடுவார்கள் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

பிறகு கேஸை அடுப்பில் சுடவைத்தேன். பேரிங்கைச் செய்தித்தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். சூட்டில் குழி விரியும், குளிரில் பேரிங் சுருங்கும். படித்தபடியே 'டக்'கென்று உட்கார்ந்தது. சமையலறை ஆயில் வாடையைப் பற்றி வீட்டில் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஆனால் அதே கணக்கு ஓடும்போதும் நடக்கும் அல்லவா? அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இன்ஜின் சூடேற ஏறக் கேஸின் பிடி தளரும். மிச்சப் பிடியும் என் புள்ளிகளின் நுனியில் தொங்கியது. பென்னாகரம் சாலையில் சில நாள் ஓட்டியதில் நுனிகள் நசுங்கின, கீழே 'கடகட'. ஆயிலைப் பிடித்துப் பார்த்தால் வெள்ளிப் பொடி.

தர்மபுரி லேத் பட்டறையில் மாஸ்டர் கேஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க சார், அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

"பழைய ஓனர் வேலைங்க மாஸ்டர்."

"புள்ளியெல்லாம் புதுசா பளபளன்னு இருக்குதே."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கதையை எடுத்தேன். அதன் மெக்னீசியக் கலவைக் கேஸை கிராங்க் அடித்து அடித்துத் தளர்த்திவிடும், உலகம் முழுக்க லைன் போரிங் செய்துதான் மீட்கிறார்கள் என்றேன். மாஸ்டர், "அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அவர் இரண்டு பாதியையும் சேர்த்து போல்ட் போட்டார். டயல் வைத்து, இரண்டு குழியின் சென்டரும் ஒரே கோட்டில் வரும்வரை மெஷினை ஆன் செய்யவே இல்லை. தட்டுவார், பார்ப்பார், டீ குடிப்பார், திரும்பத் தட்டுவார். நான் அரை மணி நேரத்தில் குத்தி முடித்த இடம் அது.

சிலிண்டருக்கும் ஓவர்சைஸ் போர் போட வேண்டியிருந்தது. பிஸ்டன் கேப்பை இன்னும் குறைத்து 'டைட்டா' வைக்கச் சொன்னேன். எங்கோ கார் இன்ஜினுக்குப் படித்த அளவு. "இது காத்துல ஆறுற இன்ஜின் சார். பிஸ்டன் வீங்கினா எங்க போகும்?" என்று தன் அளவிலேயே வைத்தார். அதனால்தான் வண்டி இன்னும் சீஸ் ஆகவில்லை.

பில்லை வீட்டில் வந்துதான் பிரித்தேன். ஸ்லீவ், போரிங், ஹோனிங், எல்லாம் நியாயமான கூலி. கடைசி வரியில், கூலி எதுவும் போடாமல், "பழைய ஓனர் வேலை சரி செய்தது" என்று எழுதியிருந்தார். வீட்டில் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "வாங்கும்போது ஒரே ஓனர் வண்டின்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார்கள்.