மினுக்கு விளக்கு மீமாம்சை

இரும்பைக் கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, ஏனென்று கேட்பாரில்லாவிடினும் ஓயாது கண்சிமிட்டும் சிறு விளக்கொன்றை இல்லத்திலேயே செய்துகொள்வது எங்ஙனம் என்னும் பிரச்சினையை, அண்டகோளங்களின் கதியை ஆராய்வதில் மூழ்கிவிட்ட பேரறிஞர்கள் அற்பமெனத் தள்ளிவிட்டமையால், அப்பெரும் பொறுப்பு எம்போன்றோர் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

பூர்வ சரித்திரம் சுருக்கமானதே. செவ்வொளி உமிழும் டயோடை (எல்.இ.டி.) 1962-இல் நிக் ஹோலன்யாக் செய்து காட்டினார். நியோடிமியம் காந்தம் 1980-களின் முற்பகுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே பிறந்தது. இவ்விரண்டையும் ஒரு பட்டன் பேட்டரியோடு டேப் சுற்றி, ஊரிலுள்ள இரும்புப் பரப்புகளின்மேல் விட்டெறியலாம் என்னும் ஞானோதயம், நியூயார்க்கின் கிராஃபிட்டி ரிசர்ச் லேப் குழுவினருக்கு 2006-ஆம் ஆண்டளவில் உண்டாயிற்று. அதுகாறும் மானுடம் எதைக்கொண்டு பொழுதைப் போக்கிற்று என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது.

இனி நிர்மாணம். பேட்டரி சி.ஆர். 2032 ஆக இருத்தல் வேண்டும். 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உடையதென்று தன் பெயரிலேயே ஜாதகத்தை எழுதிவைத்திருக்கும் 3 வோல்ட் வஸ்து அது. பேட்டரியை இருபுறமும் கவ்வவேண்டிய, தானே மினுக்கும் எல்.இ.டி.யின் இரு கால்களுள் நேர்முனை எது என்பதைத் துணிய மூன்று பிரமாணங்கள் உள. நீண்ட கால் நேர்முனை என்பது பிரத்தியட்சம். காலை எவரேனும் கத்தரித்துவிட்டிருப்பின், தலையின் விளிம்பு தட்டையாயுள்ள பக்கம் எதிர்முனை என்று கொள்வது அனுமானம். சென்னை ரிட்சி தெரு மின்னணுக் கடைக்காரர் சொன்னது ஆப்தவாக்கியம். திருப்பிப் போட்டுப் பார்ப்பது என்னும் நான்காம் மார்க்கம் சாதாரண எல்.இ.டி.க்குப் பொருந்துமேயன்றி, தானே மினுக்கும் எல்.இ.டி.க்கு ஆகாது, அதன் வயிற்றில் கரும்புள்ளிபோல் தெரியும் சில்லு கெட்டுவிடக்கூடும்.

மின்தடை இன்றி எல்.இ.டி.யை எரிப்பது சாஸ்திர விரோதமன்றோ எனின், அன்று. பட்டன் பேட்டரியின் உள்தடையே மின்னோட்டத்தை அடக்கிவிடுகிறது. 555 என்னும் டைமர் ஐ.சி. கொண்டே மினுக்கவேண்டும் என்பாரும் உளர். சாதாரண 555-க்கு 4.5 வோல்ட்டாவது வேண்டும் என்பதைச் சொல்லி அவர்களை வணங்கி அனுப்பிவிடலாம்.

காந்தத்தில்தான் கர்வபங்கம் நேர்கிறது. நிக்கல் பூசிய அக்காந்த வில்லை மின்சாரத்தைக் கடத்துவது. பேட்டரியின் நேர்முனை உறையோ பக்கவாட்டு விளிம்பு முழுவதும் வளைந்து படர்ந்திருப்பது. ஆதலின் காந்தத்தை எதிர்முனைப் பக்கத்தில் வைத்து அது விளிம்பையும் தீண்டுமாயின், பேட்டரி குறுக்குச்சுற்றாகி வீணே தீர்ந்துபோம். நேர்முனைப் பக்கத்தில் நெடுங்காலின்மேல் வைத்து டேப்பை இறுகச் சுற்றுவதே சித்தாந்தம். காந்தத்தை ஈயத்தால் பற்றவைக்கும் எண்ணம் வேண்டா. 80 டிகிரி செல்சியசுக்குமேல் சாதாரண நியோடிமியம் தன் வலிமையை இழக்கத் தொடங்கும். எல்.இ.டி.யின் கால்களும் பெரும்பாலும் எஃகே ஆதலால், டேப்பைக் கிழித்து முடிப்பதற்குள் கால், பேட்டரி, காந்தம் மூன்றும் தாமே ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கோணலாய் நிற்கும் காட்சியைப் பொறுமையோடு கண்டு, நகத்தால் பிரித்து மீண்டும் தொடங்குக.

பிரயோஜனம் யாது என்று கேட்கும் லௌகிகர்களுக்கு ஒரு வார்த்தை. பித்தளைக் குடத்திலும் மரக்கதவிலும் இவ்விளக்கு ஒட்டாது. எவர்சில்வரில் பெரும்பாலும் ஒட்டாது. இரும்பு பீரோவில் பேஷாக ஒட்டும். மின்சாரம் நின்ற இரவில் பீரோ இருக்குமிடத்தை இது ஐயமற உணர்த்துமாயினும், பீரோவின் சாவி இருக்குமிடத்தை உணர்த்தாது. சுவிட்ச் இன்மையால், காலுக்கும் பேட்டரிக்கும் நடுவே தடித்த காகிதத் துண்டைச் செருகினாலன்றி அணையவும் அணையாது.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள், இதில் பரிகாசமில்லை. குழந்தை விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிட வல்லது. காந்த வில்லைகள் ஒன்றுக்கு மேற்பட்டு உள்ளே சென்றால் குடலை நடுவில் வைத்து நெரிக்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்விளக்கைச் செய்யாதீர்கள்; விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே தாமதியாது மருத்துவமனைக்கு விரையுங்கள்.