நிற்றலியல்: சிமுலேட்டரில் ஹெலி நிறுத்தும் கலை குறித்து ஓர் ஆய்வு (உரையும் உரைக்கு உரையும் சேர்த்தது)

பாயிரம்

ரிமோட் ஹெலிகாப்டரை ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதை ஹோவர் என்ப. நிறுத்தியவர் சிலர்; அதைப் பற்றி எழுதியவர் பலர்; இரண்டையும் செய்தவர் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

இத்துறையின் வரலாற்றை 1970-களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் உருவாக்கிய மாதிரி ஹெலிகளிலிருந்து தொடங்கலாம். தொடங்கினால் கட்டுரை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆகவே சீவக சிந்தாமணியிலிருந்து தொடங்குகிறோம்.

அதில் மன்னன் சச்சந்தன் தன் கர்ப்பிணி மனைவி விசயைக்காக மயிற்பொறி ஒன்று செய்வித்தான். அவளும் ஓட்டப் பழகினாள். ஒரு பக்கம் திருகினால் ஏறும், மறு பக்கம் திருகினால் இறங்கும். கடைசியில் பகைவனின் வெற்றி முரசு காதில் விழ, அவள் நடுவானில் மயங்கினாள். பொறி தானே மெல்ல இறங்கிச் சுடுகாட்டில் நின்றது. இதிலிருந்து தெளிவாவது: அது ஹெலிகாப்டர் அன்று. ஹெலியாக இருந்தால் ஓட்டுபவர் மயங்க வேண்டியதில்லை, தும்மினாலே போதும்.

இந்த முடிவை வெளியிடத் தயங்குகிறோம். மாநாட்டு மலர்க் கட்டுரையாளர்கள் இதற்குள் மயிற்பொறிக்கு வால் ரோட்டர் பொருத்தியிருக்கக்கூடும். பழங்கால விமான நூல் எனப்படும் வைமானிக சாஸ்திரம் பட்ட பாட்டைப் பாருங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் அதை 1974-இலேயே ஆராய்ந்து, பழம் நூல் அன்று, 20-ஆம் நூற்றாண்டில் எழுந்தது, அதிலுள்ள விமானங்கள் பறக்கவும் பறக்கா என்று எழுதிவிட்டார்கள். ஆயினும் 2015-இல் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் அதன் பேச்சு மறுபடி மேலெழுந்தது. 40 ஆண்டு தரையைத் தொடாமல் ஒரே இடத்தில் நிற்பது. ஹோவருக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

பாடபேதம்

கையிலுள்ள ரிமோட்டில் இரண்டு குச்சிகள். ஏற்றி இறக்கும் குச்சி இடப்பக்கம் என்பது மோட் 2 பாடம். அமெரிக்கர் கொள்வது இது. வலப்பக்கம் என்பது மோட் 1 பாடம். ஜப்பானியர் பலர் கொள்வது. இரு பள்ளியினரும் மற்றவர் பாடத்தைப் பிழை என்பர். ஒரு பள்ளியில் பயின்றவர் மற்றவர் ரிமோட்டை வாங்கிய கணத்தில் ஹெலி விழுவதால், இரு தரப்புக்கும் சான்று குறைவின்றிக் கிடைக்கிறது.

மோட் 3, மோட் 4 ஆகியவையும் உள.

பொருளியல்

கார் ரிமோட் பிடித்து வளர்ந்தவர், குச்சியைத் தள்ளினால் ஹெலி நகரும் என்று நம்புவார். நகராது. குச்சி ஆள்வது சாயும் வேகத்தை. சாய்ந்தபின் அந்தப் பக்கம் முடுக்கம் பிறக்கும், முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்துதான் இடமாற்றம். தாத்தா செய்த வினையைப் பேரன் அனுபவிப்பதுபோல, கட்டை விரல் செய்தது மூன்றாம் தலைமுறையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. தொடக்கக்காரர் இதைப் பொறுக்கமாட்டார். ஹெலி இடப்பக்கம் ஒதுங்குகிறது, வலப்பக்கம் தள்ளுகிறார். உடனே திரும்பவில்லையே என்று இன்னும் தள்ளுகிறார். முதல் தள்ளலின் பலனும் இரண்டாவதன் பலனும் ஒன்றாக வந்து சேரும்போது ஹெலி வலப்பக்க வேலியில் இருக்கிறது. தேர்ந்த கை சிறிது தள்ளி, ஹெலி வந்து சேருமுன்பே எதிர்ப்பக்கம் சிறிது தள்ளிவிடும். இதைச் சொல்ல ஒரு வரி போதும். விரலுக்குச் சொல்லத்தான் மாதங்கள் ஆகின்றன.

நேராக நிற்கும் ஹெலி நேராக இராது என்பது இவ்வியலின் துணைவிதி. மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும் ரோட்டர் உடலை இடஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கும். அதைத் தடுக்கும் வால் ரோட்டரோ ஹெலி முழுவதையும் இடப்பக்கம் தள்ளும். ஆகவே சற்றே வலப்பக்கம் சாய்ந்து நிற்பதே நிலை. ஆய்வாளரின் நடுநிலைமையும் இவ்வாறே (காண்க: மேற்படி நூல், எந்த நூல் என்பது மேலே சொல்லப்படவில்லை).

திசையியல்

வால் நம்மை நோக்கி இருப்பது எளிது.

பக்கவாட்டில் நிற்பது கடினம்.

மூக்கு நம்மை நோக்கி இருப்பது வேதாந்தம். நம் இடம் அதற்கு வலம். இங்கே மட்டும் ஒரு நல்ல சூத்திரம் உண்டு: எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுக, தாழ்ந்தது எழும். இதற்குப் பெயர் அழிந்த உரைகாரர் ஒருவர் விரிவுரை எழுதினார் என்றும், விளக்கம் இருந்த ஏட்டை மட்டும் கரையான் தேர்ந்தெடுத்துத் தின்றது என்றும், கரையானே அவ்வுரையை முழுதும் செரித்த ஒரே வாசகர் என்றும் கூறுவர்.

பயிற்சிக்காலியல்

ஹெலியின் காலடியில் குறுக்காக இரண்டு குச்சி, நுனிகளில் நான்கு பந்து. வேறு ஒன்றும் இல்லை.

மீட்டியல்

இனிச் சொல்வதே இவ்வாய்வின் உயிர்நிலை.

சிமுலேட்டர் என்னும் கருவிமரபு இசையிலிருந்து பிறந்தது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் ஊரில், ஆர்கன் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டு 1929-இல் தரையிலேயே ஆடிச் சாயும் விமானப் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். அந்தப் பெட்டியில் இல்லாத ஒன்று இன்றைய சிமுலேட்டரில் இருக்கிறது: ரீசெட் பொத்தான். ஹெலி மோதுகிறது, பிளேடுகள் தெறிக்கின்றன, பொத்தானைத் தட்டினால் அதே புல்வெளியில் புது ஹெலி நிற்கிறது.

அதே ஹெலியா, வேறா? அபேதவாதிகள் அதே என்பர், கோப்பு ஒன்றுதானே. பேதவாதிகள் வேறு என்பர். பழையது நொறுங்கியதைக் கண்ணால் கண்டோம். பேதாபேதவாதிகள், அதேயாகியும் வேறாகியும் நிற்கும் என்று கூறிவிட்டு, அப்படி நிறுத்த முடியாமல் மறுபடி தட்டுவர். இவ்விவாதம் ஏழு மடங்களில் ஏழு தலைமுறை நடந்ததாகவும், முடிவுரை தீட்ட ஏட்டின் மேல் எழுத்தாணி வைத்தபோது யாரோ ரீசெட் தட்டியதாகவும் ஒரு மரபுண்டு (காண்க: அச்சேறாத பதிப்பின் திருத்தப்பட்ட மறுபதிப்பு, பிழைதிருத்தப் பட்டியலின் பிழைதிருத்தம்).

நான்காவதாக விலைப்பட்டியல்வாதிகள். இவர்கள் கடைக்காரர்கள், தத்துவம் பேசார், சீட்டை நீட்டுவர்: மெயின் பிளேடு ஒரு ஜோடி, ஃபெதரிங் ஷாஃப்ட், மெயின் ஷாஃப்ட், மெயின் கியர், டெயில் பூம். மைதானத்தில் ஒருமுறை விழுந்தவர் அந்தக் கணமே பேதவாதியாகிறார்.

இனி எவரும் கவனிக்காத ஒரு வகை: முன்மீட்சி. கற்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஹெலி சாயும் பக்கம் உடம்பும் சாய்கிறது; நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது; செருப்புக்குள் கால்விரல்கள் மடங்குகின்றன. ஹெலி இன்னும் ஆளுயரத்தில்தான் இருக்கிறது. விழவில்லை. ஆனால் ஒரு விரல் குச்சியை விட்டு விலகி ரீசெட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. மோதுமுன் தட்டியாயிற்று. தப்பிக்கவைக்க வழியிருந்த அந்த ஒரு நொடிக்காகத்தான் சிமுலேட்டரே வாங்கியது. அந்த நொடியைத்தான் பொத்தான் தின்கிறது. முனைவர் பட்ட ஆய்வில் இதற்கு இணை, தரவு எதிராகத் திரும்பும்போது தலைப்பை மாற்றிக்கொள்வது.

வளியியல்

சிமுலேட்டரில் காற்று வீசாது. வீசவைக்கும் பட்டி உள்ளே இருக்கிறது. வேகமும் திசையும் நாமே வைத்துக்கொள்ளலாம். இத்துறையில் எழுதியவர் யாரும் இதுவரை அந்தப் பட்டியைத் திறந்ததாகத் தெரியவில்லை.