ராகு, கேது, நடுவில் நான்

கோயம்புத்தூர் காந்திபுரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், ஜாதகப் பொருத்தம் பார்க்கும் இணையதளம் ஒன்றுக்கு நான் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் ஜாதகம், பெண் ஜாதகம் இரண்டையும் அடித்துக் கொடுத்தால் பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொல்லும். எட்டுக்கு மேல் பொருந்தினால் நாதஸ்வரம் வாசிக்கும். நாதஸ்வரம் முதலாளியின் யோசனை. அதை நிறுத்தப் பட்டன் வைக்காததும் அவர் யோசனைதான்.

தை பிறந்தால் ஊருக்கெல்லாம் வழி பிறக்கும். எங்கள் சர்வர் மட்டும் படுத்துவிடும். 2014 தையில் அது படுத்த படுக்கையைப் பார்த்து முதலாளியே மனமிரங்கி இரண்டாவது மெஷின் வாடகைக்கு எடுக்கச் சம்மதித்தார். முதல் மெஷினின் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து இரண்டாவதில் ஏற்றினேன். ஒரே அசுரனை வெட்டி இரண்டாக்கியது போல இருந்ததால் ராகு, கேது என்று பெயர் வைத்தேன். முதலாளி அந்தப் பெயர்களை ஒருநாள் பார்ப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மெஷின் இரண்டானால் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் தோளில் துண்டோடு ஒரு சித்தப்பா நின்று, "நீங்க இந்த வரிசைக்குப் போங்க, நீங்க அந்தப் பக்கம்" என்று கை காட்டுவாரே, அவரைத்தான் கணினிக்காரர்கள் லோடு பேலன்சர் என்கிறார்கள். நான் தேர்ந்தெடுத்த சித்தப்பாவின் பெயர் ஹெச்ஏ பிராக்ஸி. வில்லி டாரோ என்ற பிரெஞ்சுக்காரர் 2000ஆம் ஆண்டில் எழுதியது. லினக்ஸ் கெர்னலிலும் அவர் கைவண்ணம் உண்டு என்றெல்லாம் முதலாளியிடம் விளக்கினேன்.

"எவ்வளவுங்க தம்பி?"

"இலவசமுங்க."

அதற்குப் பிறகு அவர் பிரெஞ்சுக்காரரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மேஜை மேல் இருந்த நாள்காட்டியைப் புரட்டினார். மார்கழி வந்துவிட்டால் புதுசாக ஒன்றும் ஆரம்பிக்க முடியாதே. கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். அமைப்புக் கோப்பின் முதல் வரியில் பிள்ளையார் சுழி வேண்டும் என்பதும் உத்தரவு. வரியின் தலையில் ஒரு ஹேஷ் குறி போட்டால் ஹெச்ஏ பிராக்ஸி அந்த வரியைப் படிக்காது. எனவே ஹேஷ் போட்டு உ எழுதினேன். பிள்ளையார் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்துகொண்டார்.

சித்தப்பாவுக்கென்று தனி மெஷின் கேட்டேன். "முன்ன டெஸ்ட்டுக்குன்னு ஒண்ணு எடுத்தீங்களே, சும்மாதானே கெடக்குது?" என்றார். வாடகை விஷயத்தில் மட்டும் அவருக்கு ஞாபகமறதி கிடையாது. அதில் உபுண்டு 14.04 இருந்தது. ஒரே ஒரு ஆப்ட்-கெட் கட்டளை. காபி ஆறுவதற்குள் நிறுவல் முடிந்தது. இந்தத் தொழிலில் இன்ஸ்டால் என்பது எப்போதும் பெண் பார்க்கும் படலம் மாதிரி. எல்லாரும் சிரித்த முகமாகவே இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை. சூடம், தேங்காய், சர்வர் எங்கோ இருப்பதால் என் மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு. சரியாக 9:15க்கு ஸ்டார்ட் கட்டளையைக் கொடுத்து என்டர் தட்டினேன். தேங்காய் உடைந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. லினக்ஸில் ஒன்றும் வராவிட்டால் நல்ல சேதி என்பது பழக்கம். எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பாதிப் பொங்கலில் சந்தேகம் வந்து பார்த்தேன். சித்தப்பா ஓடவே இல்லை. பிழை என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மறுபடி ஸ்டார்ட். மறுபடி மௌனம். பெண் பிடிக்கவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லாத மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

கோப்பின் ஒவ்வொரு வரியையும் துருவினேன். பிள்ளையார் சுழியைக் கூட ஒருமுறை எடுத்துவிட்டு முயன்றேன், முதலாளி பார்க்காத நேரமாக. 10:25க்கு விடை கிடைத்தது. அந்தக் கால உபுண்டுவில் ஹெச்ஏ பிராக்ஸிக்கு இன்னொரு குட்டிக் கோப்பு, வேறொரு அடைவில் இருக்கும். அதில் எனேபிள்ட் என்ற சொல்லுக்கு எதிரே பூஜ்யம். அதை ஒன்றாக மாற்றும் வரை நீங்கள் எத்தனை முறை ஸ்டார்ட் சொன்னாலும் அது வாய் திறக்காமல் திரும்பிவிடும். அமைப்பு வேலை முடியுமுன் தானாக ஓடிவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. நியாயம்தான். அந்த நியாயத்தை ஒரு வரியில் திரையில் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பூஜ்யத்தை ஒன்றாக்கிய கையோடு ஸ்டார்ட் கொடுத்தேன். இந்த முறை பேசியது: 80ஆம் போர்ட்டில் உட்கார முடியவில்லை. அந்த டெஸ்ட் மெஷினில் முன்பு எதற்கோ நானே அப்பாச்சி போட்டு ஓடவிட்டு மறந்துபோயிருந்தேன். ஒரு போர்ட்டில் ஒருவர்தான் உட்காரலாம். பேருந்து ஜன்னலோர சீட்டில் கைக்குட்டை போட்டுவிட்டு ஆளே வராத கதை. அப்பாச்சியை எழுப்பி அனுப்பி, அது மறுபடி வராமல் கதவடைத்து, சித்தப்பா வாசலில் நின்றபோது மணி 10:40. முழு ராகு காலம். அதிலும் அவர் முதல் விருந்தாளியை அனுப்பியது ராகுவுக்கு.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "எத்தனை மணிக்குங்க ஸ்டார்ட் ஆச்சு?"

நான் பொய் சொல்லவில்லை. லாக்கைத் திறந்து காட்டினேன், அவ்வளவுதான். வாடகை சர்வர்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். லாக்கில் 05:10 என்று இருந்தது.

"பிரம்ம முகூர்த்தம்!" என்றார். எனக்கு இன்னொரு கிண்ணம் பொங்கல் வந்தது.

மறுநாளே வேறு புகார். பையன் ஜாதகத்தைப் போட்டுவிட்டுப் பெண் ஜாதகத்துக்குப் போனால், "முதலில் லாகின் செய்யவும்" என்கிறதாம். முறை வைத்து மாற்றி மாற்றி அனுப்பச் சொல்லியிருந்தேன். அது கடமை தவறாமல் பையனை ராகுவுக்கும் பெண்ணைக் கேதுவுக்கும் அனுப்பியது. யார் லாகின் செய்தார்கள் என்ற குறிப்பு அந்தந்த மெஷின் டிஸ்க்கில் மட்டும் இருக்கும். ராகுவுக்குத் தெரிந்தது கேதுவுக்குத் தெரியாது. பொருத்தம் பார்க்கும் தளத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் சந்திக்கவே முடியாத நிலை. தீர்வு குக்கி: வருபவரின் பிரவுசரில் மெஷின் பெயரை எழுதி வைத்தால் மறுபடி அதே மெஷினுக்கு அனுப்பும். வேலை செய்தது. கணினி படித்த முதலாளியின் தங்கை மகன், வருபவர்களில் பாதிப் பேருக்கு ராகு என்றும் மீதிப் பேருக்குக் கேது என்றும் நாம் எழுதி அனுப்புகிறோம் என்று கண்டுபிடித்துச் சொல்லும் வரை.

அதே வாரம் அறிக்கையில், எல்லா ஜாதகத்தையும் ஒரே முகவரியிலிருந்து ஒரே ஆள் பார்த்ததாக வந்தது. வாசலில் நிற்பவர் வழியாகவே எல்லாரும் வருவதால் உள்ளே இருக்கும் மெஷினுக்கு அவர் முகம் மட்டும்தான் தெரியும். வந்தவரின் உண்மையான முகவரியைச் சேர்த்தனுப்ப ஒரு வரி போட வேண்டும்; நான் போடவில்லை. "ஒருத்தன் எத்தனை கல்யாணந்தாங்க பண்ணுவான்?" என்றார் முதலாளி.

ஆனால் உண்மையான அடி விழுந்தது ஸ்டாப்பில்தான். தை மாதம், ஞாயிற்றுக்கிழமை மாலை. அமைப்பில் ஒரு சின்ன மாற்றம். ஸ்டாப் கொடுத்து ஸ்டார்ட் கொடுத்தேன், மொத்தம் இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியில், உள்ளே இருந்த அத்தனை பேரின் இணைப்பும் அறுந்தது. பணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒன்பதாவது பொருத்தத்தில் நின்றவர்கள், எல்லாரும். நாதஸ்வரம் பாதியில் நின்றதை அபசகுனம் என்று ஒரு பெண்ணின் அப்பா போனில் அழுதார்.

"பந்தியில உக்கார்ந்தவனை எந்திரின்னு சொல்லலாமுங்களா தம்பி?" என்றார் முதலாளி. ஹெச்ஏ பிராக்ஸிக்கும் அதே கொள்கை உண்டு, நான்தான் பயன்படுத்தவில்லை. ரீலோடு என்று சொன்னால் புதுச் சித்தப்பா வாசலுக்கு வருவார். பழையவர் புதிதாக யாரையும் விடாமல், ஏற்கெனவே இலையில் உட்கார்ந்தவர்கள் மோர் சாதம் முடித்துக் கைகழுவும் வரை காத்திருந்துவிட்டுப் போவார். அன்றே "ஸ்டாப் அல்ல, ரீலோடு" என்று எழுதி, மானிட்டரில் சந்தனப் பொட்டுக்குக் கீழே ஒட்டினேன்.

அதற்குப் பிறகு முதலாளி, மெஷின்களின் நிலையைக் காட்டும் பக்கத்தைத் தன் கணினியில் எப்போதும் திறந்து வைத்துக்கொண்டார். பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் இல்லை. ஓர் இரவு பதினொரு மணிக்குப் போன்.

"தம்பி, ராகு செவந்து கெடக்குதுங்க!"

பயப்பட வேண்டாம் என்றேன். சித்தப்பா இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினையும் கூப்பிட்டுப் பார்ப்பார். மூன்று முறை பதில் வராவிட்டால் செத்ததாக முடிவு கட்டி எல்லாரையும் மற்றதுக்கு அனுப்புவார். பிறகு இரண்டு முறை ஒழுங்காகப் பதில் வந்தால் மறுபடி பச்சை. பேசிக்கொண்டே ராகுவை ரீஸ்டார்ட் செய்தேன். பச்சையானது.

"வானத்துல ராகு பெயர்ச்சிக்கு ஒன்றரை வருசமுங்க. நீங்க ஒரு நிமிசத்துல முடிச்சுட்டீங்க" என்றார். குரலில் மரியாதை இருந்தது. அந்த நல்ல நேரத்தை விடக்கூடாதென்று, இரண்டு மெஷின் போதவில்லை, மூன்றாவது வேண்டும் என்றேன்.

"எடுத்துக்கலாமுங்க. பேரு என்ன வெக்கப் போறீங்க?"

"சனி" என்றேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. இரண்டு விநாடி இடைவெளி விட்டு மூன்று முறை "ஹலோ" சொல்லிப் பார்த்தேன்.