கவலையை வாடவிடாமல் வளர்ப்பது எப்படி?

மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷன் தொடங்கியது 1814இல். கத்தோலிக்கக் குருமார் அதற்கும் வெகுகாலம் முந்தியே வந்துவிட்டார்கள். அன்றுதொட்டுப் பயப்பட வேண்டாம் என்று நமக்குச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. நாமும் பயப்படாத திங்கட்கிழமை இல்லை. ஆகவே, கவலையை விடச்சொல்லும் வீண்வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, அதை ஒழுங்காகப் பராமரிக்கும் முறையை இங்கே தருகிறோம். சபை பேதமின்றி எல்லோரும் பயன்படுத்தலாம்.

1. உங்கள் உரிமையை அறிந்துகொள்ளுங்கள்

புயலில் சீடர்கள் அலறியதும் இயேசு படகின் பின்புறம் தலையணை வைத்து உறங்கியதும் நமக்குத் தெரிந்த கதை. அவர்கள் அத்தனை பயந்த கலிலேயக் கடலின் நீளம் 21 கிலோமீட்டர்தான். நமது மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர். கணக்குப்படி அவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் பயப்பட நமக்கு உரித்துண்டு.

அந்தக் கதையை மாற்கு எழுதிய வரிசையில் மட்டும் வாசித்துவிடாதீர்கள். அங்கே முதலில் காற்று அடங்குகிறது. ஏன் பயந்தீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. கவலை வளர்க்கிறவர்களுக்கு இந்த வரிசை ஆபத்தானது.

2. பிள்ளையைப் போனில் கட்டி வையுங்கள்

மகன் கல்லடியிலிருந்து புளியந்தீவுக்கு ரியூசனுக்குப் புறப்பட்டதும் வேலையைத் தொடங்கலாம். “மனே, பாலம் தாண்டிட்டியா?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், மோட்டார்சைக்கிள் ஓடுகிறவன் போன் எடுக்கக்கூடாது என்று நீங்களே சொன்னதை மறந்துவிட்டுத் திரும்பவும் எடுங்கள். அவன் எடுத்தால், “ஓடிக்கொண்டு ஏன் போன் எடுத்தாய்?” என்று ஏசுங்கள். உயர்தரப் பரீட்சை நெருங்க நெருங்க அழைப்புகளைக் கூட்டுங்கள். அவன் படிப்பதற்கு மிஞ்சுகிற நேரம் குறையும். உங்கள் கவலைக்கு உண்மையான காரணமும் கிடைக்கும்.

3. செபத்தை அறிக்கையாக மாற்றுங்கள்

பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் ஆறாம் வசனத்தைப் பாதியோடு நிறுத்துங்கள். கவலை வேண்டாம் என்கிற பகுதி போதும்; மற்றவர்மேல் எறிய அது வசதியானது. தேவையை நன்றியோடு கடவுளிடம் சொல்லுங்கள் என்கிற மிச்சத்தை வாசித்தால் கவலைக்குப் போக ஓர் இடம் கிடைத்துவிடும். அதை எழுதியபோது பவுல் காவலில் இருந்தார் என்பதையும், சபைகளைப் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் அழுத்துகிறது என்று கொரிந்தியருக்கு அவரே ஒப்புக்கொண்டார் என்பதையும் யாருக்கும் சொல்லவேண்டாம்.

நேர்த்தியும் வையுங்கள். செப்டெம்பரில் ஆயித்தியமலை மாதாவிடம் நடந்து போங்கள். தேற்றாத்தீவில் யூதா ததேயுவுக்கு மெழுகுதிரி கொளுத்துங்கள். கூட நடக்கிறவர்களோடு மனம்விட்டுக் கதைத்தால் பாரம் குறைந்துவிடும்; வாயை மூடிக்கொண்டு நடங்கள். வீட்டுக்கு வந்ததும் திரி காற்றில் அணைந்திருக்குமோ என்று யோசிக்கத் தொடங்குங்கள்.

4. சாப்பாட்டையும் தூக்கத்தையும் வெட்டுங்கள்

இது மிக முக்கியம். யேசபேலுக்குப் பயந்தோடிய எலியா, போதும், உயிரை எடுத்துவிடும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டார். இது இராஜாக்கள் முதலாம் புத்தகம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வந்த தூதன் விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தார். தூதன் இரண்டாம் முறையும் சாப்பிடவே எழுப்பினான். கடவுள் அவரோடு பேசியது நாற்பது நாள் நடைக்குப் பிறகு. சோறும் நித்திரையும் கிடைத்தால் கவலை இளைத்துப்போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆகவே இராச்சாப்பாட்டைத் தவிருங்கள். நடுச்சாமத்தில் போனைத் திறந்து, தாழமுக்கம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.

5. பயத்தைப் பாவமாக்குங்கள்

1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் கார்த்திகைக் காற்றுக்கு இன்றும் கூரையைப் பார்க்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல் சற்று உள்வாங்கியதாம் என்ற கதை வந்தாலே கரையோரம் எழுந்து நிற்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளி முடிந்து நின்ற பிள்ளைகளும் மாண்டார்கள். அதற்குப் பிறகு கோயில் வாசலில் பெரிய பையோடு வருகிறவரைக் கண்டு நெஞ்சு இடிக்கிறதென்றால், அது பட்ட உடம்பின் நினைவு.

இதை அப்படியே விளங்கிக்கொண்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். எனவே நெஞ்சு இடிக்கிறவரிடம், “உங்களுக்கு விசுவாசம் காணாது” என்று சொல்லுங்கள். இதுவரை பயம் ஒன்றுதான் இருந்தது. இனிப் பயப்படுகிறோமே என்ற பயமும் சேரும். ஒரே வசனத்தில் இரட்டிப்பு விளைச்சல். கெத்செமனேயில் இயேசுவே கலங்கினார் என்பதை அந்த வேளையில் நினைவூட்டாதீர்கள்.

6. யாருக்கும் சொல்லாதீர்கள்

“என்னகா, முகம் வாடிக்கிடக்கு?” என்று பக்கத்து வீட்டு மச்சாள் கேட்டால், “ஒண்டுமில்லகா” என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள். மாரிவெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு விடுகிறோம்; உங்கள் உள்ளே ஏறுவதற்கு அப்படி ஒரு வாய் திறந்துவிடக்கூடாது. கெத்செமனேயில் இயேசு மூன்று சீடரைக் கூடவே விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டதை விட்டுவிடுங்கள். போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, தேசிய மனநல உதவி இலக்கம் 1926 என்று யாராவது சொன்னால், “ஊர் என்ன சொல்லும்?” என்று கேட்டு வாயடையுங்கள்.

எச்சரிக்கை

மேற்படி முறைகளைச் சில கிழவிகள் கெடுத்துவிடுகிறார்கள். அவர்கள் இடியப்பமும் சொதியும் கொண்டு வருவார்கள். நீங்கள் சாப்பிட்டு முடியுமட்டும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பிறகு, “ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாறன்” என்பார்கள். வேதாகமத்தைக் கடைசியாகத்தான் திறப்பார்கள், அதுவும் நீங்கள் கேட்டால். தூதனின் வரிசை அது. கவலையை வளர்க்க விரும்புகிறவர்கள் இப்படிப்பட்டவர்களை வீட்டுப் படியில் ஏறவிடக்கூடாது.